தனி இடம், தனி நேரம்: 'வீட்டிலிருந்து வேலை' அறிவுரைகளை ஆம்பூரில் உட்கார்ந்து வாசித்தல்

2020 ஜூன் மாதம் எங்க ஆபீஸில் இருந்து ஒரு மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய பத்து நல்ல பழக்கங்கள். ஊரடங்கு தொடங்கி மூணு மாசம் ஆகப் போகிற நேரம். சென்னையில் இருந்த அறையைக் காலி பண்ணிட்டு நான் ஆம்பூருக்கு வந்துவிட்டிருந்தேன். ரெண்டே அறை வீடு. முன்னறையில், வாசக்கதவு ஓரமா உட்கார்ந்தால்தான் சிக்னல் ஒழுங்கா கிடைக்கும். அதனால் லேப்டாப்போட அங்கே குடியேறினேன்.

அந்த இடம் ஏற்கனவே ஒருத்தருடையது. எங்க அம்மா பல வருஷமா அதே கதவோரத்தில் உட்கார்ந்துதான் ஷூ அப்பர் தைச்சுக்கிட்டிருந்தாங்க. பகல் வெளிச்சம் நேரா விழுகிற ஒரே இடம் அது. ஊரடங்கில் கம்பெனிகள் மூடியிருந்ததால் கட்டு வரவில்லை, இடம் சும்மா கிடந்தது. ஜூனில் கட்டு திரும்ப வர ஆரம்பிச்சதும் சிக்கல் தெரிந்தது. மெயிலில் இருந்ததை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். முதல் பழக்கம், வேலைக்கென்று தனி இடம் ஒதுக்குங்கள். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கிட்டே கேட்டாங்க: "இப்ப நீ உக்காந்துகிறது யாரு எடம்மா?"

இந்தக் குறிப்பை எழுத எனக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆனதற்கு அந்தக் கேள்விதான் காரணம். வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான அறிவுரைப் பட்டியல்களை அதற்கப்புறம் நிறையவே படிச்சிருக்கேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். அவை தப்புன்னு நான் சொல்லவில்லை. எந்த வீட்டை மனசில் வெச்சு எழுதியிருக்காங்க, யாருடைய பொறுப்பை யார் தலையில் வைக்கிறாங்க என்பதுதான் என் கேள்வி.

கதவோரத்து வேலை

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒட்டி இருக்கிற ஊர்கள் எங்க தோல் வட்டாரம். 2019 வரை எல்லாமே வேலூர் மாவட்டம். இப்போ வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூணாகப் பிரிந்திருக்கிறது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் வரும். 1970-களில் கச்சாத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. அதற்கப்புறம் டேனரிகளோடு கூடவே அப்பர் கம்பெனிகளும் ஷூ கம்பெனிகளும் இங்கே பெருகின. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ்களை நெடுஞ்சாலையில் யாரும் பார்க்கலாம்.

அந்த பஸ்ஸில் ஏறாதவர்களும் இதே வேலையைச் செய்யறாங்க என்பது அவ்வளவு சுலபமா கண்ணில் படாது. மொக்காசின், லோஃபர் ரக ஷூக்களில் முன்பக்கம் மேடா ஒரு தையல் ஓடும், பார்த்திருப்பீங்க. கையால் போட்ட தையல் என்பதுதான் அதற்கு மதிப்பு. வெட்டி, துளை போட்டு, மீதித் தையலை மெஷினில் முடித்த அப்பர் துண்டுகளைக் கட்டுக்கட்டாக ஏஜென்ட் வீட்டுக்குக் கொண்டு வருவார். பெண்கள் தைச்சுக் கொடுப்பாங்க. கூலி ஜோடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. கம்பெனிப் பதிவேட்டில் அவர்கள் பேர் இருக்காது, ஏஜென்ட்டைத் தவிர வேறு யாரையும் அவர்களுக்குத் தெரியாது. அப்பர் எந்த நாட்டுக்குப் போகுது, என்ன விலைக்கு விற்குது என்பதும் தெரியாது.

இதுவும் வீட்டிலிருந்து வேலைதான். ஆனால் தமிழில் இதற்கு ஒரு சொல் கிடைக்காமல் திண்டாடறோம். 'வீட்டு வேலை' என்றால் சமையல், பாத்திரம், துணி. 'வீட்டு வேலைக்குப் போறாங்க' என்றால் அடுத்த வீட்டுச் சமையல், பாத்திரம், துணி. என் வேலைக்கு 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று மதிப்பான ஒரு பேர் வந்துடுச்சு. அம்மாவோட வேலைக்கு அதுகூட இல்லை. யாராவது கேட்டால் அவங்களே "வீட்லதான் சும்மா இருக்கேன்" என்பாங்க. மரியா மீஸ் 1982-ல் வெளியிட்ட நர்சாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய ஆய்வு சரியாக இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆந்திராவில் ஏற்றுமதிக்காக வீட்டில் பின்னிய பெண்களை எல்லோரும் இல்லத்தரசிகள் என்றார்கள், அவர்கள் உழைப்பை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்றார்கள். அப்படிச் சொல்வதால்தான் கூலியை அவ்வளவு கீழே வைக்க முடிந்தது என்பது மீஸின் வாதம். அந்தப் புத்தகத்தைப் படிச்சப்போ லேஸ் இருந்த இடத்திலெல்லாம் என் மனசு தோலைப் போட்டு வாசிச்சது.

பட்டியலில் மூன்று வரிகள்

பத்துப் பழக்கத்தையும் அலச வேண்டியதில்லை. எல்லாப் பட்டியலிலும் தவறாமல் வருகிற மூணு மட்டும்.

தனி இடம். இந்த அறிவுரை கேட்பது மேசையும் நாற்காலியும் மட்டும் இல்லை. வேலைக்காகவே ஒரு மூலை சும்மா கிடக்கிற வீட்டைக் கேட்கிறது. எங்க வீட்டில் வெளிச்சம் விழும் இடமும் சிக்னல் கிடைக்கும் இடமும் ஒண்ணு. அது ராத்திரி தம்பி படுக்கிற இடமும்கூட. அம்மா இருட்டினதுக்கப்புறம் தைச்சால் ட்யூப்லைட் எரியணும். அந்த மின்சாரம் வீட்டுக் கணக்கில் போகும். தமிழ்நாட்டில் 2016-ல் இருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். ஒரு கணக்கில் பார்த்தால், கம்பெனி கட்ட வேண்டிய விளக்குச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கட்டிக்கிட்டிருக்கு. போர்ச்சுகலில் 2021-ல் வந்த தொலைவேலைச் சட்டம், வீட்டில் வேலை செய்வதால் கூடுகிற மின்சார, இணையச் செலவை முதலாளி தரணும் என்றது. அந்தச் செய்தியை எங்க ஆபீஸ் குரூப்பில் ஆசையாப் பகிர்ந்தோம். பக்கத்தில் எரிஞ்சுக்கிட்டிருந்த ட்யூப்லைட் எனக்கு அப்போ ஞாபகம் வரவே இல்லை.

நேரத்துக்குத் தொடங்கு, நேரத்துக்கு முடி. வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். கடிகாரத்துக்கு வேலை செய்கிற பழக்கம் மனுஷனுக்கு இயல்பா வந்ததில்லை, தொழிற்சாலைக் காலம் அதைப் பழக்கியது என்பார். அதற்கு முன் இங்கிலாந்தில் வீட்டிலும் சிறு பட்டறையிலும் வேலை செய்தவர்கள் திங்கட்கிழமை சும்மா இருந்துட்டு வாரக் கடைசியில் மாடு மாதிரி உழைப்பாங்க. 'புனிதத் திங்கள்' என்று கேலியா பேர் வெச்சு அதைக் கொண்டாடினவர்களில் செருப்புத் தைப்பவர்கள் ரொம்பப் பிரசித்தம். தன் வேலை தன் கையில் இருக்கிறவன் இப்படித்தான் விட்டு விட்டு, மூச்சுப் பிடிச்சு வேலை செய்வான் என்கிறார் தாம்ப்சன்.

ஆம்பூரிலும் வேலை விட்டு விட்டுத்தான் வருது. நாலு நாள் கட்டே இருக்காது. அஞ்சாம் நாள் சாயந்திரம் ஏஜென்ட் வந்து, "ஷிப்மென்ட் இருக்குதுக்கா, காலையில வேணும்" என்பார். தாம்ப்சனோட செருப்புத் தொழிலாளி திங்கட்கிழமையைத் தானே எடுத்துக்கிட்டான். எங்க அம்மாவுக்கு அதை இன்னொருத்தர் கொடுக்கிறார், ராத்திரியை எடுத்துக்கிறார். ரெண்டும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே ஒழுங்கின்மை. நேரத்துக்கு முடிங்கள் என்ற அறிவுரையை எங்க வீட்டில் சொல்ல வேண்டிய ஆள் அம்மா இல்லை, கட்டு கொண்டு வருகிறவர். அவரும் இல்லை, அவருக்கு மேலே தேதி குறிக்கிறவர். கம்பெனிச் சங்கு தொழிற்சாலைக்குள் இருக்கிறவர்களுக்கு வேலை முடிஞ்சதுன்னு சொல்லும். கதவோரத்தில் இருக்கிறவருக்கு அப்படிச் சொல்ல எந்தச் சங்கும் இல்லை. பாங்கு சத்தம் கேட்டால் மணி என்னன்னு தெரியும், அவ்வளவுதான்.

மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். மூணிலும் இதுதான் உடம்புக்கு உண்மையிலேயே நல்லது. குனிஞ்சு தைக்கிறவர்களுக்கு இடுப்பும் கழுத்தும் போகும், கண் போகும், நூல் இழுத்து இழுத்து விரல் வெடிக்கும். அம்மாவுக்கு மூணும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்க. ஒரு ஜோடிக்கு 12 ரூபாய், 40 நிமிஷம் என்று பேச்சுக்கு வெச்சுக்குவோம். எட்டு மணி நேரத்துக்கு 12 ஜோடி, 144 ரூபாய். மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு எடுத்தால் 80 நிமிஷம் போச்சு. அதாவது ரெண்டு ஜோடி, 24 ரூபாய், அன்றைய கூலியில் ஆறில் ஒரு பங்கு. நான் எழுந்து நடந்தால் என் மாசச் சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. ஒரே வீட்டில், ஒரே கதவோரத்தில், ஒரே பத்து நிமிஷம் எனக்கு இலவசம், அம்மாவுக்கு விலை. மாசச் சம்பளத்துக்காக எழுதின பழக்கம் ஜோடிக் கூலிக்குள் வந்ததும் அபராதமா மாறிடுது.

ஜெனீவாவில் இருந்து ஒரு நல்ல அறிக்கை

2021 ஜனவரியில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. லேப்டாப்காரர்களின் பட்டியல்களை மட்டும் படிச்சு அலுத்தவர்களுக்கு அது ஒரு ஆறுதல். 2019 கணக்கில் உலகத்தில் 26 கோடிப் பேர் வீட்டில் இருந்து உழைக்கிறார்கள், மொத்த வேலையில் 7.9 சதவீதம், அதில் 14.7 கோடிப் பேர் பெண்கள் என்கிறது. கொரோனாவுக்கு முந்தைய கணக்கு இது என்பதைக் கவனிக்கணும். வீட்டிலிருந்து வேலை என்பது 2020-ல் கண்டுபிடிச்ச புது விஷயம் என்ற நினைப்பை இந்த ஒரு எண்ணே உடைச்சுடுது. வீட்டில் இருந்து உழைப்பவர்கள் வெளியே போய் உழைப்பவர்களைவிட எவ்வளவு குறைவா சம்பாதிக்கிறார்கள் என்றும் காட்டுகிறது: பிரிட்டனில் 13 சதவீதம், அமெரிக்காவில் 22, தென்னாப்பிரிக்காவில் 25, இந்தியா, அர்ஜென்டினா, மெக்சிகோவில் ஏறக்குறைய பாதி.

தையல்காரரையும் சாப்ட்வேர்காரரையும் ஒரே அட்டைக்குள் கொண்டு வந்ததுதான் அறிக்கையோட பெரிய சாதனை. என் குறை அதுக்கு அடுத்த படியில். அட்டைக்குள் வந்தவர்களை உடனே மூணு வரிசையில் நிற்க வைக்கிறது. தொழிற்சாலைப் பொருளை வீட்டில் செய்கிறவர், இணையத் தளங்களில் சில்லறை வேலை செய்கிறவர், தொலைவேலை செய்கிறவர். பரிந்துரைகளும் வரிசைக்கு ஒண்ணு. முதல் வரிசைக்குச் சட்டப் பாதுகாப்பு, எழுத்து ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்பு. மூணாம் வரிசைக்கு மன அழுத்தத்தைக் குறைக்கும் நடவடிக்கை, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கோடு போடுகிற 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை'.

வரிசை பிரிச்சதில் ஒரு தர்க்கம் இருக்கு, மறுக்கலை. ஆனால் எங்க முன்னறையில் முதல் வரிசையும் மூணாம் வரிசையும் ரெண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு என் போன் அடிச்சால் அது உரிமைப் பிரச்சினை. அதே ஒன்பது மணிக்கு ஏஜென்ட் கதவைத் தட்டினால் அது 'வேலை வந்திருக்கு' என்ற நல்ல செய்தி. கோடு போடும் உரிமை அம்மாவுக்கும் ஏன் வேண்டாம்? மன அழுத்தம் லேப்டாப்பில் இருந்து மட்டும்தான் வருமா? 2018-ல் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டு வந்த தனிநபர் மசோதா இதே உரிமையைப் பற்றியது. அதைச் சுற்றி நடந்த பேச்சில் நான் பார்த்த வரைக்கும் மெயிலும் போனும்தான் இருந்தன. கதவு தட்டுகிற சத்தம் இல்லை. இந்த இடத்தில் ஜெனீவா அறிக்கையும் என் ஆபீஸ் மெயிலும் ஒண்ணு சேருது. ஓய்வும் எல்லையும் படிச்ச வேலைக்குத் தேவையானவை, தைக்கிறவருக்குக் கூலி மட்டும் சரியானால் போதும் என்ற நினைப்பு ரெண்டுக்கும் அடியில் ஓடுது.

பீடிக்கு உண்டு, அப்பருக்கு இல்லை

இதெல்லாம் நடக்காத காரியம், வீட்டுக்குள்ள போய் யார் கண்காணிப்பாங்க என்று கேட்பவர்கள் உண்டு. பதில் ரொம்ப தூரத்தில் இல்லை, குடியாத்தத்தில் இருக்கு. எங்க வட்டாரத்தில் தோல் அளவுக்குப் பெண்கள் வீட்டில் செய்கிற இன்னொரு வேலை பீடி சுற்றுவது. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. இலை, தூள் தருவதில் தகராறு, பீடியைக் கழிப்பதில் தகராறு, கழிச்ச பீடிக்குக் கூலி தருவதில் தகராறு, இவற்றைத் தீர்க்க ஒரு வழியும் அதில் இருந்தது. முதலாளிகள் வழக்குப் போட்டாங்க. 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை எல்லாம் அந்த வழியில் வந்தவை. நடைமுறையில் ஓட்டைகள் நிறைய. இருந்தாலும் வீட்டுக்குள் நடக்கும் வேலையைச் சட்டத்தால் தொட முடியும் என்பது நிரூபணமான விஷயம்.

இலையைச் சுற்றினால் தொழிலாளி. தோலைத் தைச்சால்? 2008-ல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீடுசார் தொழிலாளி யார் என்று ஒரு விளக்கம் தந்தது, 2020 தொகுப்புச் சட்டத்திலும் விளக்கம் இருக்கு. அதே 2020-ல் பீடிச் சட்டமும் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியமும் உண்டு, பதிவு செய்தால் கல்வி உதவி, ஓய்வூதியம் மாதிரி சில உதவிகள் கிடைக்கும். ஆனால் நல வாரியம் தருவது உதவி. கட்டு எப்போ வரும், கழிச்ச ஜோடிக்கு யார் பொறுப்பு என்ற அன்றாடக் கேள்விக்குள் அது வராது.

1996 எங்க வட்டாரத்துக்கு ஒரு முக்கியமான வருஷம். அந்த ஆகஸ்டில்தான் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்கணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியா ஊன்றினது அதில்தான். அதே வருஷம் ஜூனில் ஐ.எல்.ஓ. வீட்டுவேலை பற்றிய 177-ஆவது உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா இதுவரை அதில் சேரவில்லை. வேலையோட செலவைக் கம்பெனிக்கு வெளியே தள்ளக் கூடாது என்று ஆற்றுக்காக ஒரு கோர்ட் சொன்னது. வெளிச்சம், இடம், முதுகு, கண் என்று வீட்டுக்குள் தள்ளின செலவைப் பற்றி அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை.

நோட்டு

அம்மாவுக்கு நல்ல பழக்கமே இல்லையா? இருந்தது. எந்தப் பட்டியலிலும் நான் பார்க்காத ஒண்ணு. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கட்டு வந்த தேதி, எத்தனை ஜோடி, திரும்பக் கொடுத்த தேதி, எத்தனை ஜோடி என்று வருஷக்கணக்கா எழுதி வெச்சிருந்தாங்க. அதிகம் படிக்காதவங்க, எண் மட்டும் முத்து முத்தா இருக்கும்.

ஒரு தடவை 12 ஜோடி கழிச்சுட்டாங்கன்னு ஏஜென்ட் கூலியில் பிடிச்சார். கழிச்ச ஜோடி எதுவும் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அம்மா நோட்டைக் காட்டினாங்க. அவர் புரட்டிப் பார்த்துட்டு, "இது உங்க கையெழுத்துதானேக்கா" என்றார். கோபமாகூட இல்லை, சாதாரணமா சொன்னார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்கு கணக்காகாது. பல வருஷத்து நல்ல பழக்கம் ஒரே வரியில் ஒண்ணுமில்லாமல் போனதை நான் லேப்டாப்பை மடிச்சுட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அறிவுரைப் பட்டியல்கள் மேல் என் விமர்சனம் கடைசியில் இதுதான். வீட்டில் வேலை செய்யும் ஒழுங்கை அவை ஒருத்தரோட மனஉறுதியாகப் பார்க்கின்றன. அது ரெண்டு பேருக்கு நடுவில் இருக்கிற ஏற்பாடு. வேலை கொடுக்கிறவருக்குப் பழக்கம் இல்லாத இடத்தில் செய்கிறவரோட பழக்கம் நிற்காது. ஆகவே என் பங்குக்கு ஒரு பட்டியல், கொடுக்கிறவர்களுக்கு. கட்டு வரும் நாளை ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க. கொண்டு வந்ததற்கும் எடுத்துப் போனதற்கும் நோட்டில் கையெழுத்துப் போடுங்க. கழிச்ச ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டுங்க. இருட்டினதுக்கப்புறம் தைக்க வேண்டிய வேலைக்குக் கூடுதல் கூலி வையுங்க. மூணாவதைத் தவிர மத்ததெல்லாம் என் ஆபீஸுக்கும் அப்படியே பொருந்தும்.

அந்த 12 ஜோடிக்குக் கூலி வரவே இல்லை. அடுத்த கட்டு வந்தப்போ அம்மா நோட்டையும் பேனாவையும் கட்டுக்கு மேலேயே வெச்சுட்டாங்க. கையெழுத்துப் போட்டால்தான் கட்டை உள்ளே எடுப்பேன்னு வாயால் சொல்லலை, எடுக்காமல் நின்னாங்க. ஏஜென்ட் சிரிச்சுக்கிட்டே போட்டார். ஏழெட்டு மாசம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவர் கையெழுத்து இருக்கு. அப்புறம் வேற ஏஜென்ட் மாறினார். அவர் போடுவதில்லை. அம்மா இன்னும் பேனாவை எடுத்து வைக்கிறாங்க.